நிலத்துக்குக் கீழே ஒரு நிலம்

பேஸ்மென்ற்றுக்கு ரைல் போட எவ்வளவு முடியும் என்று கேட்கத்தான் அந்த மேசன் அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தவர் அளவுநாடாவை விரிக்கவில்லை. நேரே மூலைக்குப் போய்க் கார்ப்பெற்றின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். கீழே கரும்பச்சை நிறத்தில், வெள்ளைக் கீறல்களோடு, சதுரம் சதுரமாகப் பழைய ரைல். விரல்களை விரித்து ஒன்றைச் சாணால் அளந்தார்.

"9 அங்குலம்," என்றார். பிறகு கார்ப்பெற்றை மெதுவாகப் பழையபடி மூடிவிட்டார்.

"தம்பி, உதைக் கிண்டிப்போடாதையுங்கோ. முதல்ல ஒரு துண்டு குடுத்துச் சோதியுங்கோ. பிறகு கதைப்பம்."

ரைலின் அளவைப் பார்த்து ஒரு மேசன் ஏன் பின்வாங்க வேண்டும்? அன்றிரவு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஸ்காபரோவில் 1950-களில் கட்டிய ஒரு சின்ன வீட்டின் நிலத்துக்கு இவ்வளவு சரித்திரம் இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. வாசித்ததையும், வாசிக்கும்போது ஞாபகம் வந்ததையும் அடியிலிருந்து மேலே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பேஸ்மென்ற் வைத்திருப்பவர்களுக்கும், ஒருகாலத்தில் பேஸ்மென்ற்றில் இருந்தவர்களுக்கும் உதவும். ரொறன்ரோத் தமிழர்களில் இந்த இரண்டிலும் சேராதவர்கள் குறைவு.

வெளியே கிடக்கும் முதல் ரைல்

இந்த ஊரில் வீட்டுக்குக் கீழே அறை வந்ததற்குக் காரணம் குளிர். மாரியில் நிலம் மேலிருந்து கீழ்நோக்கி உறைந்துகொண்டு போகும். மண்ணில் இருக்கும் ஈரம் உறையும்போது பெருத்து, மேலே இருப்பதைத் தூக்கும். ஆகவே அத்திவாரத்தின் அடி, உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். ரொறன்ரோப் பக்கம் அந்த ஆழம் ஏறக்குறைய 1.2 மீற்றர், அதாவது 4 அடி. எப்படியும் 4 அடி வெட்டத்தான் வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் வெட்டி ஓர் அறையாக்கிவிடலாமே. தொடக்கத்தில் அங்கே குடியிருந்தவை நிலக்கரியும், வீட்டைச் சூடாக்கும் உலையும், உருளைக்கிழங்கு மூட்டையும்தான்.

ஆனால் குழி வெட்டினால் தண்ணீர் அதைத் தேடி வரும். அதைத் திருப்பிவிட, அத்திவாரத்தின் காலடியைச் சுற்றிக் குழாய் புதைத்தார்கள். சுட்ட களிமண்ணில் செய்த, ஓரடி நீளக் குழாய்கள். ஒன்றோடு ஒன்றை ஒட்டாமல், நடுவே மெல்லிய இடைவெளி விட்டு வரிசையாக வைப்பார்கள். நிலத்துத் தண்ணீர் அந்த இடைவெளியால் கசிந்து உள்ளே போய் ஓடிவிடும். இதற்குப் பெயர் 'வீப்பிங் ரைல்', அழுகிற ரைல். இன்றைக்குப் போடுவது துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய்தான். ஆனாலும் அதை ரைல் என்றே சொல்கிறார்கள். ஏன் ரைல் என்று முன்பு எனக்கு விளங்கியதில்லை.

இது வயலிலிருந்து வீட்டுக்கு வந்த வித்தை. நியூயோர்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊருக்குப் பக்கத்தில் கமம் செய்த ஜோன் ஜோன்ஸ்ரன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1835-இல் தன் பிறந்த நாட்டிலிருந்து இந்தக் களிமண் குழாயின் மாதிரியை எடுப்பித்தார். தண்ணீர் தேங்கிக் கிடந்த தன் வயலுக்கு அடியில் அதே மாதிரிக் குழாய்களைப் புதைத்தார். வட அமெரிக்காவில் குழாய் வடிகாலின் தகப்பன் என்று அவரைச் சொல்கிறார்கள்.

என் வீட்டு வீப்பிங் ரைல், வீடு கட்டிய காலத்துக் களிமண் குழாய். கமெரா விட்டுப் பார்த்தபோது முன்பக்கத்து மேப்பிள் மரம் அதற்குள் குடும்பமாகக் குடியிருந்தது. வேர் அடைத்த குழாயால் தண்ணீர் எங்கே போகும்? சுவரோரமாக நின்று, கொங்கிறீற்றின் அடியில் பரவும்.

காயாத கொங்கிறீற்

1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் அஸ்ப்டின் என்ற கட்டடத் தொழிலாளி போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்தார். இறுகிய பிறகு போர்ட்லண்ட் என்ற இடத்துக் கட்டடக் கல்லைப் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். கல்லைப் போல இருக்கும், ஆனால் கல் அல்ல. சீமெந்து தண்ணீரோடு வேதியல் முறையில் சேர்ந்து இறுக, அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் போதும். அவ்வளவு இறுக்கமாகக் குழைத்தால் வாரி ஊற்ற முடியாது என்பதால் அதைப்போல இரண்டு மடங்கு விடுவார்கள். மிச்சத் தண்ணீர் வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அடியில் உள்ள ஈரத்தை மேலே இழுக்கும்.

இப்போது கட்டும் வீடுகளில் கொங்கிறீற்றுக்கு அடியில் பிளாஸ்ரிக் தாள் விரிக்கிறார்கள். என் வீட்டுக் காலத்தில் அது வழக்கமில்லை. வெறும் கொங்கிறீற் தெரிகிற உலை அறையில் பழைய சோதனையொன்றைச் செய்து பார்த்தேன். 18 அங்குலச் சதுரப் பிளாஸ்ரிக் தாளொன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் போட்டு ஒட்டி, 16 மணித்தியாலம் விட வேண்டும். பின்னேரம் ஒட்டி மறுநாள் காலை பார்த்தபோது தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே கிழமைக் கணக்கில் மழையில்லை.

ஊரில் எங்கள் வீட்டு நிலமும் சீமெந்துதான். சிவப்பு பொலிஷ் போட்டு, அம்மா தேங்காய்ப் பொச்சால் தேய்க்கத் தேய்க்க முகம் தெரியும். அந்த நிலமும் ஈரம் மூச்சுவிட்டிருக்கும். கதவும் யன்னலும் திறந்தே கிடந்ததால் விட்ட மூச்சு வெளியே போய்விட்டது. இங்கே அந்த மூச்சுக்கு மேலேதான் எல்லாரும் ஏதாவது ஒன்றைப் போட்டு மூடப் பார்த்தார்கள்.

9 அங்குலச் சதுரம்

முதலில் தோற்றது லினோலியம். 1860-களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்ற்றன் கண்டுபிடித்த விரிப்பு அது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் தடிக்க வைத்து, தக்கைத் தூள் கலந்து, துணியில் பூசிச் செய்தது. மேல்வீட்டு மர நிலத்தில் பல வருடம் கிடந்த அந்த விரிப்பு பேஸ்மென்ற்றில் நிற்கவில்லை. கொங்கிறீற்றிலிருந்து மேலே வரும் ஈரம் காரத்தன்மை உள்ளது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன வரும்? சவர்க்காரம். லினோலியம் அடியிலிருந்து மெல்ல மெல்லச் சவர்க்காரமாகிக் கிளம்பியது.

காரத்துக்கு அசையாத ஒன்று வேண்டும் என்று தேடி, 1920-களில் தார் கலந்த ரைலைச் செய்தார்கள். தார் கறுப்பு; அதனால் ரைலும் இருண்ட நிறங்களில்தான் வரும். பிறகு தாருக்குப் பதில் வைனில் வந்தது. 1933-இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வைனில் ரைலைக் காட்டினார்கள். யுத்தம் முடிந்து புறநகர் வீடுகள் வரிசை வரிசையாக எழும்பியபோது அது எல்லா இடமும் பரவியது. அந்த நாளில் வழக்கமான அளவு 9 அங்குலம். பிறகுதான் 12 அங்குலம் வந்தது. மேசன் அண்ணை சாணால் அளந்தது இந்தக் காலக்கணக்கைத்தான்.

தார் ரைலிலும் சரி, அந்தக் கால வைனில் ரைலிலும் சரி, உடையாமலும் சுருங்காமலும் பிடித்து வைத்திருக்கப் போட்ட நார் அஸ்பெஸ்ரஸ். ஒட்டுவதற்குப் பூசிய கறுப்புப் பசை, கரைப்பானில் இளக்கிய தார். அதற்குள்ளும் பல வேளை அஸ்பெஸ்ரஸ் இருந்தது.

ஊரில் 'சீற்' போட்ட கூரைக்குக் கீழே படுத்தவர்கள் நாங்கள். அஸ்பெஸ்ரஸ் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் உலகின் முன்னணி அஸ்பெஸ்ரஸ் சுரங்கப் பிரதேசங்களில் ஒன்று. அங்கே அஸ்பெஸ்ரஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. 1949-இல் அந்த ஊரிலும் தெட்போர்ட் மைன்ஸிலும் ஏறக்குறைய 5,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, தூசியைக் குறையுங்கள் என்பது. கடைசிச் சுரங்கங்கள் 2011-இல் நின்றன. அதுவரை இந்தியா உட்பட ஆசிய நாடுகளுக்குக் கனடா அதை விற்றது. உள்ளூரில் தடை வந்தது 2018-இல்தான். 2020-இல் அந்த ஊர்க்காரர் வாக்குப் போட்டு ஊரின் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

சரியாகச் சொல்லவேண்டிய விடயம் ஒன்று. உடையாமல் கிடக்கிற 9 அங்குல ரைல் யாரையும் ஒன்றும் செய்யாது. நார் வைனிலுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அதைக் காய்ந்தபடி உடைத்து, சுரண்டி, மெஷினால் உரோஞ்சினால்தான் நார் காற்றில் ஏறும். சுவாசப்பைக்குள் போன நார் வெளியே வராது. நோயாக மாறுவதென்றால் 20, 30, 40 வருடம் கழித்தும் மாறும்.

அந்தக் கோடை

இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

1994 கோடையில் எனக்கு 19 வயது. நாங்கள் ஐந்து பேர் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தோம். 1983-க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரின் முதல் கனடா விலாசம், பக்கக் கதவால் இறங்கிப் போகிற வீடுதான். அந்த வீடுகளில் பல, சட்டத்துக்குத் தெரியாமல் இருந்தவை. 1994-இல் ஒன்ராறியோ அரசு அவற்றை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த அரசு அதைத் திருப்பி எடுத்தது. 2012-இல்தான் நகரசபைகள் அனுமதிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தது. சட்டத்தில் இல்லாத வீட்டில் இருப்பவன் நிலத்தைப் பற்றி முறைப்பாடு சொல்ல மாட்டான். கார்ப்பெற் மணத்தது, சாம்பிராணி கொளுத்தினோம். தங்கச்சிக்கு இழுப்பு வந்தது. குளிர் என்று நினைத்தோம்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு கொந்திராத்துக்காரரோடு வேலைக்குப் போனேன். கைக்காசு. மூன்று பேர். வேலை: பழைய பேஸ்மென்ற் நிலங்களைக் கிளப்பி வெறுமையாக்குவது. கையில் சுரண்டி, சுத்தியல். எனக்கு அந்த வேலை பிடிக்கும். சரியான இடத்தில் தட்டினால் 9 அங்குலச் சதுரம் முழுசாகத் தெறித்து எழும்பும். உடைந்ததைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளுவோம். கூட்டும்போது அந்தச் சின்ன யன்னலால் விழுகிற வெயிலில் தூசி மினுங்கும். ஒருவரும் முகமூடி தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரைலை நனைத்துவிட்டுக் கிளப்ப வேண்டும் என்று அந்த இரண்டு மாதத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு வாளி தண்ணீர்தான், அதற்கு மேல் செலவில்லை.

அந்த மூவரில் ஒருவர் இப்போது இல்லை. அவர் போனது மாரடைப்பால். அதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. போன மாதம் என் குடும்ப வைத்தியரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வருடத்தையும் வேலையையும் கேட்டு என் கோப்பில் எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் இந்த வேலை செய்த நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்களும் சொல்லி வையுங்கள்.

பக்கத்து வீட்டு நிலம்

பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவுக்கு 90 ஆகப் போகிறது. அவர் வீட்டில் இரண்டு குசினி. மேலே உள்ளது விருந்தாளிக்கு, பேஸ்மென்ற்றில் உள்ளதுதான் சமைக்க. ஓகஸ்ட் முடிவில் கீழே தக்காளி காய்ச்சுகிற மணம் எங்கள் வீடு வரை வரும். இத்தாலியர்கள் இந்த நகரத்தைக் கட்டிய காலத்தில் வந்த வழக்கம் இது. அவர் வடகிழக்கு இத்தாலியின் பிரியூலிப் பகுதிக்காரர். நிலம் போடும் வேலைக்குப் பேர்போன இடம் அது. அங்கே ஸ்பிலிம்பேர்கோ என்ற ஊரில் 1922-இல் தொடங்கிய மொசெயிக் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது.

அவர் வீட்டுப் பேஸ்மென்ற் நிலம் முழுவதும் 1960-களில் அவரே போட்ட சுட்ட மண் ரைல். ஒரு வெடிப்பில்லை. எப்படி என்று கேட்டேன். ஆங்கிலம் பாதி, கை பாதியாக விளக்கினார். கொங்கிறீற்றில் நேரே ஒட்டவில்லை. முதலில் தார்த்தாள் விரித்து, அதன் மேல் கம்பிவலை வைத்து, ஒன்றரை அங்குலத்துக்குக் காய்ந்த பதத்தில் சாந்து பரப்பி மட்டம் பிடித்தார். ரைலை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துப் பதித்தார். ஊற வைக்காவிட்டால் ரைல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து இறுகாது. ஊரில் மேசன்மாரும் ரைல் ஊறப்போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் சூட்சுமம் தார்த்தாள். மேலே உள்ள நிலம் கீழே உள்ள கொங்கிறீற்றோடு ஒட்டவேயில்லை, பாரத்தில் இருக்கிறது. கீழே கொங்கிறீற் சுருங்கினாலும் வெடித்தாலும் மேலே தெரியாது.

மெல்லிய படை

பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை? கூலி. ஒரு நாளைக்கு ஓர் ஆள் கொஞ்ச இடம்தான் முடிக்கலாம். யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்காவில் ரைல்காரர் கையை ஒட்டுவிரிப்புகள் கடித்தன. 1950-களில் இரண்டு விடை வந்தது. அமெரிக்க ரைல் உற்பத்தியாளர்களின் சங்கம் சீமெந்தில் செலுலோசுப் பொருளொன்றைக் கலந்தது. அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ரைலை ஊறப்போடத் தேவையில்லை. ஹென்றி ரொத்பேர்க் என்ற இரசாயனப் பொறியியலாளர் சீமெந்தோடு இறப்பர்ப் பாலைச் சேர்த்து, 1956-இல் லாற்றிகிறீற் என்ற கொம்பனியைத் தொடங்கினார். ஒன்றரை அங்குலச் சாந்து, பல்லு வெட்டின கரண்டியால் இழுக்கிற சில மில்லிமீற்றர்ப் படையாகச் சுருங்கியது. இதைத்தான் இன்று தின்செற் என்கிறோம்.

வேகம் கிடைத்தது. போனது அந்தத் தார்த்தாள் தந்த விடுதலை. தின்செற் கொங்கிறீற்றின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். அதனால் கீழே வெடிப்பது மேலே வரும். இதற்கு மாற்றாக, வேர்னர் ஷ்லூற்றர் என்ற ஜேர்மன் ரைல்காரரின் கொம்பனி 1987-இல் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பைக் கொண்டுவந்தது. நடுவில் இருந்து அசைவை வாங்கிக்கொள்ளும் அந்தச் செம்மஞ்சள் விரிப்பை இப்போது கடைகளில் சுருள் சுருளாகப் பார்க்கலாம். பழைய மேசனின் தாள் வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் செய்தது

சோதனை முடிவு வந்தது. ரைலிலும் அஸ்பெஸ்ரஸ், பசையிலும் அஸ்பெஸ்ரஸ்.

சிக்கல் இதுதான். தின்செற் பிடிக்க வெறும் கொங்கிறீற் வேண்டும். பழைய ரைலை ஈரமாக, கையால் கிளப்பலாம். ஆனால் துளைகளை அடைத்துக்கொண்டு கிடக்கிற கறுப்புப் பசையை எடுக்க மெஷினால் உரோஞ்ச வேண்டும். அது செய்யவே கூடாதது. உரிமம் உள்ள ஆட்கள் அறையை அடைத்துச் செய்யலாம், செலவு என் சக்திக்கு மேல். கீழே வாடகைக்கு இருப்பவர்கள் புதிதாக வந்த ஒரு தம்பதியும் தவழத் தொடங்கிய குழந்தையும். பசையின் மேலேயே ஒட்டித் தருகிறோம் என்று இரண்டு பேர் விலை சொன்னார்கள். மேசன் அண்ணை தலையாட்டவில்லை. "ரெண்டு மாரி தாங்காது தம்பி. கழண்டால் பிறகு ஆரோ ஒருத்தன் உளியோட வருவான்."

அந்த 'ஆரோ ஒருத்தன்' 19 வயதில் நானாக இருந்தேன்.

கடைசியில் இத்தாலியத் தாத்தாவின் முறைதான் சரிவந்தது. எதையும் கிளப்பவில்லை. முதலில் வெளியே வெட்டி வீப்பிங் ரைலை மாற்றினோம். மேப்பிள் வேருக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அரை வட்டமாகக் கிளம்பியிருந்த கார்ப்பெற்றை மட்டும் நனைத்து வெட்டி எடுத்து, 9 அங்குலச் சதுரங்களை அப்படியே விட்டு, மேலே தடித்த பிளாஸ்ரிக் தாள், கம்பிவலை, ஒன்றேகால் அங்குலச் சாந்து. சாந்து இறுகிய பிறகு தின்செற்றில் ரைல். சுவரோரம் முழுக்க அசைவுக்கு இடைவெளி.

நட்டமும் உண்டு. நிலம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்ந்தது. படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் குட்டையாகித் தடக்கியதால் படிகளைக் கழற்றித் திருப்பிச் செய்ய வேண்டி வந்தது. நிலத்து வடிகால் வாயையும் உயர்த்த வேண்டியதாயிற்று. என் மருமகனின் தலை இப்போது குழாயில் இடிக்கிறது. மூன்று கிழமை கீழ்வீட்டார் எங்களோடு மேலே இருந்தார்கள். குழந்தை எங்கள் வீட்டில்தான் நிற்கப் பழகியது.

வேலை முடிந்த பின்னேரம் உலை அறைக்குப் போனேன். மின்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், அழியாத மையால், கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்த நிலத்துக்கு அடியில் 9 அங்குல அஸ்பெஸ்ரஸ் ரைலும் கறுப்புப் பசையும் உண்டு, உடைக்க முன் வாசிக்கவும். திகதியும் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே கீழே தமிழிலும் எழுதினேன். இந்த வீட்டை அடுத்து உடைக்க வருபவன் எந்த மொழிக்காரன் என்று தெரியாது. 1994-இல் அப்படியொரு சுவரில் தமிழில் எழுதியிருந்தால் நான் வாசித்திருப்பேன்.